சட்டம் போட்ட நிழல்

மார்ச் 3, செவ்வாய்

தேர்வாகிவிட்டது!

ஓவியர் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு ஒன்பது வருடமாகப் படம் அனுப்புகிறேன். ஒன்பது வருடமும் "வருந்துகிறோம்" என்றுதான் கடிதம் வந்தது. இன்று "மகிழ்கிறோம்". அவசரத்தில் உறையோடு சேர்த்துக் கடிதத்தையும் கிழித்துவிட்டேன். இரண்டு துண்டுகளையும் மேசையில் பொருத்தி வைத்துப் படித்தேன். ஏப்ரல் 4 திறப்பு. என் "யாருமில்லாத மதியம்" தேர்வானது மட்டுமில்லை, அழைப்பிதழின் முகப்பிலும் அதைத்தான் போடப்போகிறார்களாம்.

பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். "நீங்க வரைவீங்களா மேடம்?" என்று கேட்டார். நில அளவை அலுவலக வரைபடப் பிரிவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாரோ.

இவர் மூக்குக்கண்ணாடிக் கடையை அரை மணி நேரம் முன்னதாகவே மூடிவிட்டு வந்தார். கல்யாண நாளுக்குக்கூட மூடாத மனிதர்.

மார்ச் 5, வியாழன்

படத்தைச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் அதைச் சுவரில் சாய்த்து வைத்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், கதவில் முட்டிக்கொண்டார்.

"தூக்கம் அப்படியே இருக்கும்மா. கையில சீப்பு நழுவப்போகுது பாருங்க."

சலூன்காரர் ஒருவர் தன் கடை நாற்காலியிலேயே தூங்குகிறார். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. வாசல் வழியாகச் சாய்ந்த வெயில் தரையில் நீளமாக விழுகிறது. கீழே இடது மூலையில் ஒரு நிழல். அவ்வளவுதான் படம். ஐந்து மாதம் வரைந்தேன்.

"இது என்ன மரம்?" என்று அந்த நிழலைக் காட்டிக் கேட்டார்.

"வாசல் மரம்" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கைப்பேசியில் யாரோ பகிர்ந்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது அது. புகைப்படத்தின் மூலையில் கறுப்பாக ஏதோ வளைந்திருந்தது. கிளையாக இருக்கும் என்று நானே இரண்டு இலை சேர்த்துக்கொண்டேன். இலை நன்றாகவே வந்திருக்கிறது, நானே சொல்லக்கூடாது.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். வக்கீல் என்பதால் வீட்டுக்கு வந்தாலும் கேள்வியாகத்தான் கேட்பாள். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு ஆரம்பித்தாள்.

"யாரு அண்ணி இவரு? எங்க பாத்தீங்க?"

"நெட்டுல."

"யாரு எடுத்த போட்டோ?"

"யாரோ எடுத்தது. பேரு எதுவும் இல்ல."

"பேரு இல்லாத போட்டோ இருக்கலாம். யாரும் எடுக்காத போட்டோ இருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. நெட்டில் கிடப்பதை எல்லோரும்தானே எடுக்கிறார்கள் என்றேன். ரோட்டில் நிற்கும் வண்டியை எல்லாரும் பார்க்கலாம், ஓட்டிக்கொண்டு போக முடியுமா என்றாள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்த ஓவியம் அந்தப் புகைப்படத்தின் பிள்ளை மாதிரியாம், பெற்றவரைக் கேட்காமல் சபையில் நிறுத்தக்கூடாதாம். "கண்காட்சி ஃபாரத்துல 'சொந்தப் படைப்பு'ன்னு கையெழுத்து போட்டிருப்பீங்களே?" என்று கடைசியாகக் கேட்டாள்.

போட்டிருக்கிறேன். நீல மையில்.

மார்ச் 9, திங்கள்

சங்கச் செயலாளருக்கு மதிய இடைவேளையில் போன் செய்தேன். சிரித்தார். "இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்? முப்பது சதவீதம் மாத்திட்டா நம்மளுதுதான். எங்க காலத்துலேருந்து அதுதான் கணக்கு." அழைப்பிதழ் 23ஆம் தேதி திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் படத்தின் நல்ல பிரதி ஒன்று அனுப்பச் சொன்னார்.

முப்பது சதவீதம். அப்பாடா.

மார்ச் 10, செவ்வாய்

ஆனால் எந்த முப்பது? நான் வரைவாளர். 'ஏறக்குறைய' என்று எழுதி எந்த மனையும் பதிவானதில்லை.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அளந்தேன். புகைப்படத்தையும் என் படத்தையும் ஒரே அளவில் அச்செடுத்து, மேலே கட்டம் போட்ட டிரேசிங் தாளை வைத்தேன். நீளவாட்டில் நாற்பது, குறுக்கே முப்பது, ஆக மொத்தம் ஆயிரத்து இருநூறு கட்டம். மாற்றிய கட்டத்தில் சிவப்புப் புள்ளி. சுவர் பச்சையாக இருந்ததை நீலமாக்கியிருக்கிறேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த புட்டிகளில் மூன்றை எடுத்துவிட்டேன். நாட்காட்டியையும் காணவில்லை. இலைகள் வேறு. மொத்தம் முந்நூற்று எண்பத்தெட்டு. முப்பத்திரண்டு சதவீதத்துக்கு மேலேயே வருகிறது!

இவர் தட்டோடு காத்துக்கொண்டு நின்றார். "சட்டத்துக்கு உள்ளதான் இருக்கியா?" என்றார். மரச் சட்டத்தைச் சொன்னாரா மற்றதையா தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

நாத்தனாரிடம் போனில் சதவீதத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

"அண்ணி, அப்படி ஒரு கணக்கே எந்தச் சட்டத்துலயும் கிடையாது. அடுத்தவன் மாட்டைப் புடிச்சுக் கொம்புக்கு வர்ணம் பூசிட்டா நம்ம மாடாயிடுமா? எவ்வளவு மாத்துனீங்கன்னு கேக்க மாட்டாங்க. எதை எடுத்தீங்கன்னுதான் கேப்பாங்க."

எதை எடுத்தேன்? சாய்ந்த கழுத்து, நழுவும் சீப்பு, தரை வெயில். மாறாத எண்ணூற்றுப் பன்னிரண்டு கட்டத்தில் இருப்பதெல்லாம் அதுதான். யாரும் நின்று பார்ப்பது அந்த இடத்தில்தான். சிவப்புப் புள்ளி முழுக்கச் சுவரிலும் புட்டியிலும் கிடக்கிறது.

மார்ச் 12, வியாழன்

கோபமாக இருக்கிறது. யார் மேல் என்று தெரியாத கோபம். காலையில் காபித் தம்ளர்தான் மாட்டியது.

எல்லாரும் செய்யுறதுதானே? அந்தச் சங்கத்துல நேர்ல பாத்து வரையுறவங்க எத்தன பேரு? எனக்கு மட்டும் ஏன் வீட்டுக்குள்ளயே ஒரு வக்கீல்?

எழுதிவிட்டேன். இப்போது கொஞ்சம் நிதானம்.

உண்மையைச் சொன்னால் பயம்தான். முகத்தை நேரில் பார்த்து வரைய எனக்கு வராது. ஆள் அசைவார், கண் சிமிட்டுவார், நான் பார்ப்பதைப் பார்ப்பார். கோடு நடுங்கிவிடும். புகைப்படம் எத்தனை நாள் பார்த்தாலும் அப்படியே இருக்கும், ஏன் பார்க்கிறாய் என்று கேட்காது. அப்படியானால் அந்த மதியத்தைப் பார்த்தது நானா, அதை எடுத்தவரா? வேறு யாரோ பார்த்ததைத்தான் ஒன்பது வருடத்துக்குப் பிறகு தேர்ந்தெடுத்தார்களா?

அலுவலகத்தில் ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் மூன்று வரி உண்டு. அளந்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர். அளந்தவர் கையெழுத்து இல்லாத தாளை நான் தொட்டதே இல்லை. வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த வரி மறந்துவிடுகிறது.

மார்ச் 14, சனி

தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். படத்தைக் கொடுத்தால் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் வசதி இருக்கிறதாம், இவர் கடைக்கு வந்த கல்லூரிப் பெண் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு சின்னப் பக்கத்தில் போய் நின்றது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றின் பக்கம். இந்த ஊர்தான், இரண்டு பேருந்து மாறினால் போய்விடலாம்.

அங்கே இருந்தது முழுப் படம். நான் வைத்திருந்தது யாரோ ஓரத்தை வெட்டியது.

மூலையில் இருப்பது மரமில்லை. ஆள். வாசலில் நின்று படம் எடுத்தவரின் நிழல் வெயிலோடு சேர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. தலை, தோள், கேமராவைப் பிடித்துத் தூக்கிய முழங்கை. வெட்டியதில் அந்த முழங்கை மட்டும் மிஞ்சி என்னிடம் வந்திருக்கிறது.

முழங்கையில் இலை வரைந்திருக்கிறேன்!

மார்ச் 15, ஞாயிறு

ஸ்டூடியோவுக்குச் செய்தி அனுப்பினேன். நான்கு முறை எழுதி அழித்தேன். "உங்கள் புகைப்படத்தைப் பார்த்துக் கேட்காமல் ஓவியம் வரைந்துவிட்டேன். கண்காட்சியில் வைக்க உங்கள் அனுமதி வேண்டும்" என்று மட்டும் எழுதி, படத்தையும் வைத்து அனுப்பினேன். புகைப்படம் எடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டால் போதாதா என்று நாத்தனாரிடம் கேட்டிருந்தேன். பேர் போடுவது மரியாதை, அனுமதி வேறு என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

பதில் வந்தது. மூன்றே வரி.

"பாத்தேன். என் முழங்கைல இலை முளைச்சிருக்கு. சனிக்கிழமை நேர்ல வாங்க."

கோபமா, கிண்டலா? இவரிடம் காட்டினேன். "இலைதானே முளைச்சிருக்கு, கொம்பு முளைக்கலையே" என்றார். இவருக்கு என்ன, இவர் படமா.

மார்ச் 21, சனி

போய்விட்டு வந்தேன். வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

சின்ன ஸ்டூடியோ. ஒரு வெள்ளைத் துணி, இரண்டு விளக்கு, கண்ணாடி. கண்ணாடி ஓரத்தில் நூல் கட்டிய சீப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். உட்கார வேறு இடமில்லாததால் படம் எடுக்கும் ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் "கொஞ்சம் நிமிந்து உக்காருங்க மேடம், காது ரெண்டும் தெரியணும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அதிலேயே பாதி பயம் போய்விட்டது.

தூங்குகிறவர் அவருடைய கணவர். சுவருக்கு அந்தப் பக்கம்தான் சலூன். கத்தரி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம். "அவரு நெத்திச் சுருக்கம் மூணுதான். நாலு போட்டிருக்கீங்க" என்றார். பிறகு கேட்டார்.

"படத்துக்குப் பேரு வச்சிருக்கீங்களா?"

"யாருமில்லாத மதியம்."

அவர் என்னைப் பார்த்தார். விரலை மூலையில் வைத்தார்.

"யாருமில்லையா? நான் நிக்குறேனே மேடம்."

அவரே சொன்னார். "எங்களுக்குள்ள அப்ப சண்ட. மூணு நாளா பேச்சுவார்த்தை இல்ல. சோத்த மட்டும் கொண்டுபோய் வச்சிட்டு வந்துடுவேன். அன்னிக்கு இங்க கூட்டம், நேரமாயிடுச்சு. போய்ப் பாத்தா பசியோடயே தூங்கிட்டாரு. எழுப்புனா பேசணுமே. என்ன பண்றதுன்னு தெரியாம வாசல்லயே நின்னேன். கழுத்துல கேமரா கெடந்துச்சு, எடுத்தேன். எடுக்கும்போதே கோவம் போயிடுச்சு. அப்புறம்தான் எழுப்பினேன்."

நான் "தனிமை" என்று குறிப்பு எழுதிக் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தேன். ஒரு பக்கம். வெளியே சொன்னால் வெட்கம்.

"நான் ஒண்ணு கேக்கலாமா மேடம்?" என்றார். "நெட்டுல போட்டுட்டா அது ஊர்ச் சொத்துன்னு சொல்றாங்களே. இதுக்கு வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கா? எனக்கு நெசமாவே தெரியாது."

இந்த இடத்தில் என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, மரியாதைக்குத்தான் கேட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். திங்கட்கிழமை அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கும். ஒன்பது வருடம். நாக்கு நுனி வரை வந்தது.

"இருக்கு" என்றேன். "எடுத்தவங்களுக்குத்தான் உரிமை. உங்களைக் கேக்காம நான் வரைஞ்சதே தப்பு. நீங்க வேண்டாம்னா நான் வைக்க முடியாது."

அவர் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார்.

"அப்போ வேண்டாம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா அது அந்த மதியம் இல்ல."

அதற்குள் சத்தம் கேட்டுச் சலூன்காரரே வந்துவிட்டார், தோளில் துண்டோடு. கணினியைப் பார்த்தார். "ஏங்க, உலகத்துல வேற ஆளே கெடைக்கலையா? ஊரே தூங்குமூஞ்சின்னு சொல்லும். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. புகைப்படத்தில் இருப்பவருக்கும் ஒரு வாய் இருக்கிறது என்பதை அந்த வாயை ஒரு வாரம் வரைந்த பிறகும் நான் யோசிக்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை வந்தார். "போட்டோ என்னோடது. ஆளும் கடையும் எனக்கு மட்டுமா சொந்தம்? அவரு சம்மதிச்சா நேர்ல வந்து உக்காந்து வரைங்க. அதைத் தடுக்க நான் யாரு?" என்றார். சம்மதமா என்று அவரிடமும் கேட்டார். "தூங்கும்போது வேண்டாம். முழிச்சிருக்கும்போது வரட்டும்" என்று பதில் வந்தது.

பேருந்தில் அழுதேன். நன்றாகவே அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் ஒன்றும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

படத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

"பைத்தியமா மேடம் உங்களுக்கு? அந்தம்மாவுக்கே தெரியலைங்கிறீங்க, நீங்களா போய் ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"அடுத்த வருஷம் தேர்வுக் குழுவுல இதெல்லாம் பேசுவாங்க. யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். ஃபாரத்தில் இருக்கும் என் கையெழுத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். அதெல்லாம் கோப்பில் போய்விட்டது என்றார்.

மார்ச் 23, திங்கள்

இன்று அச்சுக்குப் போயிருக்கும். நான் இல்லாமல்.

மார்ச் 24, செவ்வாய்

நாத்தனார் கைகுலுக்க வந்தாள். நான் கை கொடுக்கவில்லை. அவள் சொன்னது சரிதான், அதற்காக எனக்கு வலிக்கக்கூடாதா? கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

ஏப்ரல் 4, சனி

கண்காட்சிக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும் என்று இவர்தான் கிளப்பினார். என் இடத்தில் யாரோ வரைந்த பூந்தொட்டி. அழைப்பிதழிலும் அதே பூந்தொட்டி. பூ நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமை என்று எழுத வேண்டிய இடத்தில் வேறு சொல் தேடுவானேன்.

படத்தை அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

ஸ்டூடியோ அம்மாவிடமிருந்து செய்தி. "அவரு கேக்குறாரு, வரைய வர்றேன்னாங்களே, வரலையான்னு."

என்ன பதில் போடுவது? எனக்கு நேரில் வராது என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு "சனிக்கிழமை வர்றேன்" என்று அனுப்பினேன். அனுப்பியதும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

படுதோல்வி. நான் போனதும் அவர் புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, நாற்காலியில் விறைத்து உட்கார்ந்தார். காது இரண்டும் தெரிந்தது. "சிரிக்கட்டுமா?" என்று வேறு கேட்டார். எட்டுத் தாள் வீண். ஒன்றில் அவர் எங்கள் அலுவலக மேலாளர் மாதிரி வந்திருக்கிறார்.

மே 2, சனி

இப்போதெல்லாம் அவர் வேலையைப் பார்க்கிறார், நான் மூலை பெஞ்சில் வரைகிறேன். கை மட்டும் பிடிபட ஆரம்பித்திருக்கிறது. கத்தரியை மோதிர விரலில் மாட்டிக்கொண்டே சீப்பை எடுக்கிறார். அந்தப் புகைப்படத்தில் இது இல்லை. முடி வெட்டிக்கொள்ள வருபவர்கள் தங்களையும் வரைகிறேனா என்று கேட்கிறார்கள். "கேக்காம வரைய மாட்டேன்" என்றால் ஏதோ ஏமாற்றமாகப் போகிறார்கள்.

ஸ்டூடியோ அம்மா என்னை மேடம் என்பதை விட்டுவிட்டு அக்கா என்கிறார். எந்த வாரத்திலிருந்து என்று தெரியவில்லை.

மே 9, சனி

கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். அவசரமாக வரைய ஆரம்பித்தேன். ஒரு கண்ணைத் திறந்து "முடிஞ்சுதா?" என்றார். நடிப்பு! "எனக்காகத் தூங்க வேண்டாங்க" என்றேன். "பாத்துக்கிட்டே இருந்தா எப்படிங்க தூக்கம் வரும்?" என்றார். நியாயம்தான்.

மே 16, சனி

இன்று மூன்று மணிக்கு அவர் தூங்கிவிட்டார்.

கடையில் யாரும் இல்லை, நான் மட்டும். பேசிக்கொண்டே இருந்தார், மகளுக்கு வேலை கிடைத்த கதை. பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. போன வாரம் மாதிரி இருக்கும் என்று காத்திருந்தேன். தாடை தளர்ந்தது. மெல்லக் குறட்டை வந்தது. என் முன்னால், நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் தூங்கிவிட்டார்.

வரையலாமா? தூங்கும்போது வேண்டாம் என்று சொன்னவர் ஆயிற்றே. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் போய் மெதுவாகக் கூப்பிட்டேன். அரைக் கண்ணில் பார்த்தார். "தூக்கத்தையும் வரையலாமா?" என்று கேட்டேன். "ம்... வரைங்க வரைங்க" என்றார். தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனார்.

பதினொரு நிமிடம். தலை இரண்டு முறை சரிந்தது. சரிந்தபோதெல்லாம் நான் போட்டிருந்த கழுத்து பொய்யாகிப்போனது. அழிக்க நேரமில்லை, பக்கத்திலேயே இன்னொரு கழுத்து போட்டேன். கோடு நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருவர் முடிவெட்ட வந்து எழுப்பிவிட்டார். எழுந்ததும் தாளை வாங்கிப் பார்த்தார். "மூக்கு கோணலா இருக்கே?" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து, தாளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோணல்தான். ஆனா நீங்கதான்" என்றார்.

பேருந்தில் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆமாம், கோணல்தான். இருபத்தாறு வருடமாக நேர்கோடு போட்ட கை இது. இந்தக் கோணலை மட்டும் அது யாரிடமிருந்தும் எடுக்கவில்லை.